தொட்டி மீன்: எதை வாங்குவது, எவ்வளவு போடுவது?

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் நான்கு கண்ணாடித் தொட்டிகள், பின்வளவில் இரண்டு சீமெந்துத் தொட்டிகள். இது ஊருக்குத் தெரிந்துபோனதால், கையில் பொலித்தீன் பையோடு படலையைத் திறந்துகொண்டு யாராவது வராத கிழமை குறைவு. பைக்குள் பெரும்பாலும் சரிந்து மிதக்கும் ஒரு மீன். கேட்கிற கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தேத்தண்ணி ஆறிப்போவதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல்முதலாக வளர்க்கப் போகிறேன். எந்த மீன் வாங்கலாம்?

மீனைக் கேட்க முன் உங்கள் கிணற்றைக் கேளுங்கள். உப்புவெளி, நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கம் கடலோரமாக இருப்பவர்களின் கிணறு பல இடங்களில் சவர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படை பிடிக்கிறதா? அப்படியென்றால் தண்ணீர் வன்மையானது. இந்தத் தண்ணீரை வெறுக்காத மீன்கள் உண்டு: மொலி, கப்பி, பிளாட்டி, சோட்டெயில். நான்கும் முட்டை போடாமல் குஞ்சு போடுகிற சாதி. மொலிக்குக் கொஞ்சம் உப்பு இருந்தால் இன்னும் நல்லது. சவர்க் கிணற்றுக்காரருக்கு நான் சொல்லும் முதல் மீன் அதுதான்.

அழகாக இருக்கிறது என்று நியோன் டெட்ரா வாங்குவார்கள். அது அமேசன் பக்கத்து மென்மையான, சற்று அமிலமான தண்ணீரில் வாழ்கிற மீன். எங்கள் தண்ணீரில் நாளுக்கு ஒன்றாகக் குறையும். டிஸ்கஸும் அப்படித்தான், ஆனால் விலை பல மடங்கு என்பதால் கவலையும் பல மடங்கு. செரி பார்ப், பிளக் ரூபி பார்ப் இரண்டும் இந்தத் தீவுக்கே உரிய மீன்கள். என்றாலும் அவற்றின் ஊர் ஈரவலயத்து நிழல் ஓடைகள். நம் நாட்டு மீன்தானே, எங்கும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

நகரத்துக் குழாய்த் தண்ணீர் கந்தளாய்ப் பக்கமிருந்து சுத்திகரித்து வருவது. அதில் சவர்ப் பிரச்சினை இல்லை, குளோரின் பிரச்சினை உண்டு. வாய் அகன்ற பாத்திரத்தில் 24 மணிநேரம் திறந்து வைத்துவிட்டுப் பாவியுங்கள். அவசரமென்றால் கடையில் குளோரின் நீக்கி மருந்து சின்னப் போத்தலில் விற்கிறார்கள், சில துளி போதும்.

பிள்ளை கோல்ட் பிஷ்தான் வேண்டும் என்று நிற்கிறான்.

எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் நிற்பார்கள். கோல்ட் பிஷ் குளிர்ந்த நீர் மீன். 20 பாகை அதற்குச் சுகம். கச்சான் வீசும் ஆனி, ஆடியில் எங்கள் தொட்டித் தண்ணீர் 30 பாகையைத் தாண்டும். 20 பாகைத் தண்ணீர் லீற்றருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடித்து வைத்திருக்கும். 30 பாகையில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். சூட்டில் மீனுக்கு மூச்சு அதிகம் தேவை, தண்ணீரிலோ மூச்சுக் குறைவு. அதற்கு மேல் கோல்ட் பிஷ் கண்டபடி தின்று கண்டபடி கழிக்கும் சாதி.

இவ்வளவு சொல்லியும் வாங்குவீர்கள், தெரியும். சரி, வட்டக் கண்ணாடிக் கோப்பை மட்டும் வேண்டாம். இரண்டு மீனுக்கு மூன்றடித் தொட்டி, எயார் பம்ப், வெயில் படாத மூலை. மத்தியானத்தில் தண்ணீரின் மேல் படும்படி சின்ன மேசை விசிறியை வையுங்கள். தண்ணீர் ஆவியாகும்போது இரண்டு மூன்று பாகை இறங்கும். ஐஸ் கட்டி போடாதீர்கள். ஒரேயடியாகக் குளிர்வது சூட்டைவிட மோசம். உருண்டை வயிற்றுச் சாதிகளை விட்டுவிட்டு நீண்ட உடம்புள்ள சாதாரண கோல்ட் பிஷ் எடுங்கள், அது தாங்கும்.

பைட்டர் என்கிற சண்டை மீன்?

திருகோணமலைச் சூட்டுக்காகவே பிறந்தது போன்ற மீன். தண்ணீருக்கு மேலே வந்து காற்றையே குடிக்கும் உறுப்பு அதற்கு இருக்கிறது, ஆகவே பம்ப் இல்லாவிட்டாலும் சமாளிக்கும். அதற்காக ஜாம் போத்தலில் அடைக்க வேண்டியதில்லை; 15, 20 லீற்றராவது கொடுங்கள், தொட்டியை மூடியும் வையுங்கள், பாயும். ஒரு தொட்டிக்கு ஒரே ஒரு ஆண். வாலகன்ற ஆண் கப்பியோடு விட்டால் அதையும் இன்னொரு பைட்டர் என்று நினைத்து வாலைக் கிழிக்கும். காய்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்றைக் கழுவிப் போட்டால் தண்ணீர் தேத்தண்ணி நிறமாகும், பைட்டருக்கு அது பிடிக்கும்.

கடையில் நல்ல மீனை எப்படித் தெரிந்துகொள்வது?

கடைக்காரரிடம் "கொஞ்சம் சாப்பாடு போடுங்கோ, பார்ப்பம்" என்று கேளுங்கள். என்னைப் பொறுத்தவரை மற்ற எல்லாச் சோதனைகளும் இதற்குப் பிறகுதான்.

நோய் தொடங்கின மீன் முதலில் விடுவது சாப்பாட்டை. வெளியில் ஒரு புள்ளியும் தெரியாது, நிறம் மங்காது, ஆனால் தூள் விழுந்ததும் மற்றவை பாய, இது ஓரமாக நின்று பார்க்கும். அல்லது வாயில் எடுத்துத் துப்பிவிடும். அந்த மீனை வாங்காதீர்கள். முதலில் வந்து கொத்துகிறதே, இரண்டாம் தரமும் வருகிறதே, அதை விரலால் காட்டி "இதைப் பிடியுங்கோ" என்று சொல்லுங்கள். வலையில் அகப்பட்டது எதுவோ அதைப் பிடித்துத் தருவதுதான் கடைப் பழக்கம். வலைக்கு இலகுவாக அகப்படுவது சோர்ந்த மீன். நீங்கள் காட்டினதுதான் பைக்குள் வருகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

சில கடைக்காரர்கள் சாப்பாடு போட மறுப்பார்கள். வயிறு நிறைந்த மீன் பைக்குள் கழித்துத் தண்ணீரைக் கெடுக்கும் என்பது அவர்கள் சொல்லும் காரணம், அதில் உண்மையும் இருக்கிறது. தூர இடத்துக்குக் கொண்டுபோக வேண்டிய மீனை ஒரு நாள் பட்டினி போட்டுத்தான் கட்டுவார்கள். நீங்கள் கேட்பது நாலு துணிக்கை. அதற்கும் மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

அப்புறம் மற்றவை. செட்டை விரிந்திருக்க வேண்டும். உடம்போடு ஒட்டி மடிந்திருந்தால் சுகமில்லை. வயிறு உள்ளே குழிந்திருக்கக் கூடாது, பலூன் போல ஊதியும் இருக்கக் கூடாது. உப்புத் தூவினது போல வெள்ளைப் புள்ளி, பஞ்சு போன்ற படை, வெள்ளை நூல் போல நீண்டு தொங்கும் கழிவு, மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூச்செடுப்பது, கல்லில் உடம்பைத் தேய்ப்பது: இதில் ஒன்று இருந்தாலும் அந்த மீனை மட்டுமல்ல, அந்தத் தொட்டியையே விட்டுவிடுங்கள். தொட்டியின் மூலையில் செத்த மீன் ஒன்று கிடந்தாலும் அதே.

"வந்து எத்தனை நாள்?" என்றும் கேளுங்கள். கொழும்பு, கம்பஹா பக்கத்துப் பண்ணைகளில் இருந்து மணிக்கணக்கில் பையில் குலுங்கி வந்த மீன், இறக்கின அன்று பளபளவென்று இருக்கும். களைப்பு மூன்றாம் நான்காம் நாளில்தான் தெரியும். ஒரு கிழமை கடையில் இருந்து தப்பின மீனை வாங்குவது புத்தி. பெரிய மீனாகப் பார்த்து எடுக்கும் ஆசையையும் விடுங்கள். கப்பியில் பெரியது கிழடு. அரைவாசி வளர்ந்ததை எடுத்தால் உங்கள் வீட்டில் மிச்சம் வளரும்.

நான் ஒரு முறை புதுவருடத்துக்கு முதல் நாள், கடையில் சனம் நெருக்கியடித்த நேரம், சாப்பாடு போடச் சொல்லாமல் ஆறு ஏஞ்சல் வாங்கி வந்தேன். பத்தாம் நாள் ஒன்றுகூட இல்லை. கூடவே அந்தத் தொட்டியில் இரண்டு வருடமாக இருந்த பழைய மீன்களும் போயின. அன்றிலிருந்து புது மீனை இரண்டு கிழமைக்குத் தனி வாளியில் வைத்துப் பார்த்த பிறகுதான் சேர்ப்பேன்.

தொட்டி வாங்கின அன்றே மீன் விடலாமா?

வேண்டாம். தொட்டியில் தண்ணீரை நிரப்பி, பில்டரை ஓடவிட்டு ஒரு கிழமை பொறுங்கள். பிறகு இரண்டு மூன்று வலிய மீன்களை மட்டும் விடுங்கள். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை முதலில் நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்டீரியா பில்டர் பஞ்சில் குடியேற நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும். அதுவரை தொட்டி பார்க்கத்தான் பளிங்கு, உள்ளே நஞ்சு. இந்த நாட்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பாடு போதும், கிழமைக்கு இரண்டு தரம் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள்.

பில்டர் பஞ்சைக் குழாயில் பிடித்துக் கழுவினால் குளோரின் அந்தப் பக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியில் இருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழியுங்கள்.

மீனை விடும்போது பையை 15, 20 நிமிடம் தொட்டியில் மிதக்க விட்டு, தொட்டித் தண்ணீரைக் கோப்பை கோப்பையாகப் பைக்குள் சேர்த்து, கடைசியில் மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் வாழைமரத்துக்கு.

இரண்டடித் தொட்டியில் எத்தனை மீன் விடலாம்? எதோடு எது சேரும்?

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் கணக்குக்கு 56 லீற்றர். மணலும் கல்லும் மேல் விளிம்பு இடைவெளியும் போக 45, 50 தான் தேறும். அதில் பத்துப் பன்னிரண்டு கப்பி, அல்லது ஆறு மொலி. கப்பியில் ஒரு ஆணுக்கு இரண்டு மூன்று பெண். இல்லாவிட்டால் ஆண்கள் துரத்தித் துரத்தியே பெண்ணைக் கொன்றுவிடும். ஒரு தடவை சேர்ந்த பெண் கப்பி பல மாதங்களுக்கு ஆண் இல்லாமலே குஞ்சு போடும், ஆகவே "ஆணே வாங்கவில்லை, எப்படிக் குஞ்சு?" என்று யாரும் திகைக்க வேண்டாம்.

சேர்மானத்துக்கு நான் பார்ப்பது வாயை. ஒன்றின் வாய்க்குள் மற்றது கொள்ளுமென்றால் ஒரு இரவில் கொள்ளும். ஏஞ்சல் சின்னதாக இருக்கும்போது கப்பியோடு சமாதானமாகத் திரியும், வளர்ந்த பிறகு கப்பியைக் காணோம் என்று தேடுவீர்கள். டைகர் பார்ப் விழுங்காது, ஆனால் வால் நீண்டவற்றைக் கடித்துக் குதறும். ஒஸ்கார் ஓரடி வளரும் மீன். இரண்டடித் தொட்டியில் அது திரும்பக்கூட முடியாது.

ஒரு நாளைக்கு எத்தனை தரம், எவ்வளவு சாப்பாடு?

வளர்ந்த மீனுக்குக் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. ஒவ்வொரு தரமும் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. கிழமையில் ஒரு நாள் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் அது வெள்ளிக்கிழமை. அம்மாவும் விரதம், மீனும் விரதம்.

ஒரு தரத்துக்கு ஒரு மீனுக்கு ஏறக்குறைய அதன் கண்ணளவு சாப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துக் கப்பிக்கு எவ்வளவு வரும்? இரண்டு விரலால் கிள்ளினதில் பாதி. நாம் போடுவது மூன்று விரலால் அள்ளி. தின்றது போக மிச்சம் மணலுக்குள் இறங்கி அழுகும், அழுகுவதும் அமோனியா, தின்றதன் கழிவும் அமோனியா.

இதில் திருகோணமலைக்காரருக்கு ஒரு கூடுதல் கெடுதி இருக்கிறது. தண்ணீரில் அமோனியா இரண்டு உருவத்தில் இருக்கும், ஒன்று அவ்வளவு தீங்கில்லாதது, மற்றது நஞ்சு. தண்ணீர் காரமாகவும் சூடாகவும் ஆக ஆக நஞ்சான பங்கு கூடும். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7இல் இருந்து 8க்குப் போனால் அந்தப் பங்கு ஏறக்குறைய 10 மடங்கு. நுவரெலியாவில் மென்தண்ணீரில் மீன் வளர்க்கும் ஒருவர் அள்ளிப் போட்டும் தப்பிவிடலாம். எங்கள் சுண்ணாம்புத் தண்ணீரில், 30 பாகையில், அதே கை அதே அளவைப் போட்டால் விடியக் காலையில் மீன் மிதக்கும். இணையத்தில் குளிர்நாட்டுக்காரர் சொல்லும் அளவை அப்படியே எடுக்காதீர்கள், அதில் பாதியில் தொடங்குங்கள்.

வெளிச்சம் போட்ட உடனேயோ அணைக்கப் போகும்போதோ போடாமல், மீன் விழித்துத் திரியும் நேரத்தில் போடுங்கள். வீட்டில் ஒரே ஒருவர்தான் போட வேண்டும். அப்பா வேலைக்குப் போக முன் ஒரு கிள்ளு, பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்து ஒரு கிள்ளு, அப்பம்மா பாவம் பார்த்து ஒரு கிள்ளு என்று போகிற வீடுகளில்தான் என்னிடம் அதிகம் பை வருகிறது.

ஆனால் பசியோடு கண்ணாடியில் முட்டுகிறதே?

முட்டும். நீங்கள் வந்தால் சாப்பாடு வரும் என்று அதற்குத் தெரியும், அவ்வளவுதான். கோல்ட் பிஷ்ஷுக்கு உண்மையான இரைப்பையே இல்லை, உள்ளே போனது நேரே குடலுக்குப் போகிறது. ஆகவே போதும் என்று அது சொல்லப்போவதில்லை. வாங்கும்போது பாய்ந்து தின்கிற மீனாகப் பார்த்து எடுத்தோம் அல்லவா, அந்த மீன் தினமும் பாய்ந்துகொண்டுதான் இருக்கும். அது முட்டாத நாளில் கவலைப்படுங்கள்.

சோறு, பாண், பிஸ்கட் போடலாமா?

போட வேண்டாம். மாச்சத்து வயிற்றில் ஊதும், தண்ணீரில் புளிக்கும். மலிபன் பிஸ்கட்டை உதிர்த்துப் போட்டு வளர்த்தோம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அவர்கள் வளர்த்தது கிணற்றுக்குள். கிணறு பெரிது, மீன் நாலு.

கருவாட்டுத் தூள்? உப்பைக் கழுவ முடியாது, விடுங்கள். இறால் நல்லது. கறிக்கு வாங்கின இறாலில் ஒன்றை உப்பில்லாமல் அவித்து, மிக நுணுக்கமாக வெட்டி, கிழமைக்கு ஒரு தரம் கொடுங்கள். பைட்டரும் ஏஞ்சலும் அதற்கு உயிரை விடும். மொலிக்குப் பச்சை வேண்டும்: கீரையை வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து ஒரு கல்லில் கட்டி விடுங்கள். கோல்ட் பிஷ் வயிறு ஊதிச் சரிந்து நீந்தினால் இரண்டு நாள் பட்டினி, மூன்றாம் நாள் அவித்துத் தோல் உரித்த பச்சைப் பட்டாணி கொஞ்சம். பாதிப் பேருக்கு இதுவே மருந்தாகிவிடும்.

கடையில் விற்கும் தீனில் எதை வாங்குவது?

முதலில் உங்கள் மீனின் வாயைப் பாருங்கள். மேல்நோக்கின வாய் என்றால் அது மேற்பரப்பில் தின்கிற மீன்: கப்பி, பைட்டர். அதற்கு மிதக்கும் தூள் அல்லது சின்ன மிதவைப் பெலட். வாய் நேராக இருந்தால் நடுத் தண்ணீரில் மெல்ல இறங்கும் பெலட், பார்ப் வகைகளுக்கு அதுதான். வாய் கீழ்நோக்கி, மீசையும் இருந்தால் அடியில் தேடித் தின்கிறது. அதற்கு அமிழும் வில்லையை வெளிச்சம் அணைத்த பிறகு போட வேண்டும், முன்னால் போட்டால் மேலே இருப்பவை விடாது. கோல்ட் பிஷ்ஷுக்கு மிதக்கும் பெலட்டைக் கொடுத்தால் காற்றையும் சேர்த்து விழுங்கும். ஒரு கரண்டித் தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்துப் போடுங்கள்.

பெட்டியில் புரதம் எவ்வளவு என்று எழுதியிருக்கும். பைட்டர் போன்ற ஊனுண்ணிக்கு 40 வீதத்துக்கு மேல், கப்பி, கோல்ட் பிஷ் வகைக்கு 30, 35 போதும். நிறம் கூட்டும் தீன் என்று சிவப்பாக விற்பதை நான் பெரிதாக நம்புவதில்லை; சுகமான மீனுக்கு நிறம் தானாக வரும்.

கிலோ கணக்கில் வாங்கிப் பிரித்துக் கட்டி விற்கும் உதிரித் தீனில் திகதி இருக்காது. எங்கள் கடற்கரை ஈரப்பதத்தில் பெட்டி திறந்து மூன்று மாதத்தில் மணம் மாறிவிடும், விற்றமினும் போய்விடும். சின்னப் பெட்டி வாங்குங்கள். பத்து நாளுக்கானதை வெளியில் வைத்துக்கொண்டு மிச்சத்தை இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கட்டி பிடித்ததைக் காயவைத்துப் போடாதீர்கள். அது பூஞ்சணம்.

நுளம்புக் குடம்பி நல்ல சாப்பாடு என்கிறார்களே, வாளியில் வளர்க்கலாமா?

சாப்பாடு நல்லதுதான், அதில் சந்தேகமில்லை. வளர்க்கக் கூடாது. 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவியபோது இந்த மாவட்டம் பட்ட பாட்டை மறக்க முடியாது. நுளம்பு பெருக இடம் கொடுப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமும்கூட. ஒரு நாள் பிந்தினால் குடம்பி கூட்டுப்புழுவாகிப் பறந்துவிடும், பிறகு அது உங்கள் மீனின் சாப்பாடு அல்ல, நீங்கள் அதன் சாப்பாடு.

அதைத் திருப்பிப் போடுங்கள்: பின்வளவில் மூட முடியாத சீமெந்துத் தொட்டி இருந்தால் அதில் பத்துக் கப்பியை விட்டுவிடுங்கள். குடம்பியை அவையே பார்த்துக்கொள்ளும், நீங்கள் தீன் போடவும் வேண்டாம். போட்டால் கப்பி குடம்பியைத் தின்னாது.

குஞ்சு போட்டிருக்கிறது. அதற்கு என்ன கொடுப்பது?

முதலில் தாயிடமிருந்து காப்பாற்றுங்கள், தின்றுவிடும். பாசியும் செடியும் அடர்ந்திருந்தால் பாதி தப்பும். குஞ்சுகளுக்குப் பட்டினி விதி கிடையாது. நாளுக்கு நாலு ஐந்து தரம், ஒவ்வொரு தரமும் சிட்டிகையிலும் சிட்டிகை, பெரிய மீனின் தீனையே விரலால் மாவாக்கி. அவித்த முட்டை மஞ்சள்கரு கொடுப்பார்கள், ஒரு பருக்கை கூடினாலும் தண்ணீர் பால் போலாகிவிடும். எனக்கு அது பிடிப்பதில்லை.

ஆர்ட்டீமியா என்கிற உப்புநீர்ச் சின்ன இறாலின் முட்டை கிடைத்தால் அதற்கு நிகரில்லை, அதிலும் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. கடலில்லாத ஊர்களில் உப்புக் கரைத்து அளந்து செய்வதை நாம் கடலிலிருந்து அள்ளலாம். மூன்று பங்கு கடல் தண்ணீருக்கு ஒரு பங்கு நல்ல தண்ணீர், துணியால் வடித்து, ஒரு லீற்றர் போத்தலைத் தலைகீழாக வெட்டி அதில் ஊற்றி, அரைத் தேக்கரண்டி முட்டை போட்டு, எயார் குழாயை அடிவரை விட்டு நன்றாகக் குமிழி வரச் செய்யுங்கள். எங்கள் சூட்டில் 24 மணிநேரத்தில் பொரிக்கும். குமிழியை நிறுத்தி அடியில் ரோச் வெளிச்சம் பிடித்தால் செம்மஞ்சள் குஞ்சுகள் அங்கே திரளும், கோது மேலே மிதக்கும். அடியில் உள்ளதை மட்டும் குழாயால் இழுத்து, துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசி உடனே கொடுங்கள். அடுத்த நாளுக்கு வைத்தால் சத்தைத் தானே தின்று தீர்த்துவிடும்.

மாரியில் கொட்டியாரக்குடாப் பக்கத்துத் தண்ணீரை எடுக்காதீர்கள். மகாவலி வெள்ளம் கலந்து உப்பும் குறைந்து சேறாகவும் இருக்கும். உப்புவெளிப் பக்கம் திறந்த கடலில் அள்ளுங்கள்.

சக்கர் மீன் வாங்கினால் தொட்டி கழுவத் தேவையில்லையாமே?

கண்ணாடியில் உள்ள பாசியைக் கொஞ்சம் சுரண்டும். மற்ற மீனின் கழிவைத் தின்னாது, தானும் நிறையக் கழிக்கும், ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்த பிறகு "கந்தளாய்க் குளத்தில் விட்டால் என்ன?" என்று கேட்பார்கள். விடவே கூடாது. கவசம் போன்ற தோல், முள், அதைத் தின்ன அங்கே எதுவும் இல்லை. வலைகளைக் கிழித்துக்கொண்டு பெருகும். இந்த நாட்டின் பல நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகிவிட்டது. கடைக்கே திருப்பிக் கொடுங்கள், பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள்.

கரண்ட் போனால்?

சாப்பாட்டை நிறுத்துங்கள். செமிக்கவும் ஒட்சிசன் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை இருட்டில் இருந்தோமே, அந்த நாட்களில் நான் ஒரு மீனுக்கும் ஒன்றும் போடவில்லை. அரை மணிக்கொரு தரம் கோப்பையால் தொட்டித் தண்ணீரை அள்ளி ஓரடி உயரத்திலிருந்து ஊற்றினேன். இரண்டு மீன்தான் போயின, இரண்டும் கோல்ட் பிஷ். பற்றரியில் ஓடும் சின்ன எயார் பம்ப் ஒன்று வாங்கி வைத்திருப்பது நல்லது.

மாரி தொடங்கினால் மீன் சாகிறது. ஏன்?

ஐப்பசியில் வாடை தொடங்கியதும் வெளித் தொட்டிகளுக்குள் மழை நேரே விழுகிறது. தண்ணீர் திடீரெனக் குளிரும், தன்மையும் மாறும். குளிர்ந்த மீனுக்குச் செமிபாடு மந்தம், நாங்களோ கோடைக்குப் போட்ட அளவையே போடுவோம். மழை நாட்களில் பாதியாக்குங்கள், விடாமல் பெய்தால் நிறுத்துங்கள். தொட்டிக்கு மேல் ஒரு தகரம் சாய்த்து வையுங்கள்.

வெள்ளைப் புள்ளி நோய் வருவதும் இந்தக் காலத்தில்தான். தொட்டிக்கு ஹீற்றர் இருந்தால் மெல்ல மெல்ல 30 பாகைக்கு ஏற்றி, லீற்றருக்கு இரண்டு கிராம் கல்லுப்பை இரண்டு நாளில் பிரித்துக் கரைத்து, காற்றை நன்றாக ஓடவிட்டுப் பத்து நாள் வைத்திருங்கள். புள்ளி மறைந்ததும் நிறுத்தினால் திரும்பி வரும்.

கடற்கரையில் பிடித்த வண்ண மீனைத் தொட்டியில் விடலாமா?

நல்ல தண்ணீரில் விட்டால் அன்றே முடிந்துவிடும். கடல் தண்ணீர்த் தொட்டி வேறு வித்தை, வேறு செலவு. புறாத்தீவுப் பக்கம் கை வைக்கவே வேண்டாம். 1963இல் சரணாலயமாகி 2003இல் தேசியப் பூங்காவான இடம் அது. முருகைக்கல் மீனை அங்கே போய் கண்ணாடி போட்டுப் பார்ப்பதுதான் அழகு.

கறிக்கு வளர்க்கலாமா?

திலாப்பியா வளர்க்கலாம், 1952இல் இந்த நாட்டுக்கு வந்த மீன், எதையும் தாங்கும். ஆனால் ஒரு கிலோ மீனாக ஒன்றரை முதல் இரண்டு கிலோ தீன் வேண்டும், அதன் விலையைப் பாருங்கள். கடல் வாசலில் இருந்துகொண்டு, விடியக் காலையில் சூடையும் சாளையும் துடிக்கத் துடிக்க வரும் ஊரில், நான் அந்த வேலைக்குப் போகமாட்டேன். கந்தளாய், மொறவெவப் பக்கம் இருப்பவர்கள் வேறு மாதிரி நினைக்கலாம்.

நல்லூர்த் திருவிழாவுக்குப் பத்து நாள் யாழ்ப்பாணம் போகிறோம். மீனை யார் பார்ப்பது?

யாரும் பார்க்க வேண்டாம். சுகமான வளர்ந்த மீன் ஒரு கிழமை பத்து நாள் சாப்பாடில்லாமல் இருக்கும். போக முதல் நாள் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள், பில்டர் ஓடட்டும், வெளிச்சத்தை அணையுங்கள். விடுமுறைக் கட்டி என்று வெள்ளையாக விற்கிறார்களே, அது கரைந்து தண்ணீரைக் கலக்கும், நான் பாவிப்பதில்லை.

மனம் கேட்கவில்லை, அல்லது குஞ்சுகள் இருக்கின்றன என்றால் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் திறப்பைக் கொடுங்கள். பெட்டியைக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு தரத்துக்கும் உரியதை நீங்களே கிள்ளி, பேப்பரில் சரை மடித்து, திகதி எழுதி வையுங்கள். மிச்சப் பெட்டியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போங்கள்.